சரஸ்வதியம்மாளின் அடைப்பெட்டி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும், எதில் உயிர் இருக்கிறது, எது கெட்டது என்று பொரிக்க வைத்த முட்டைகளைப் பார்த்தார்கள். பருத்திக்கொட்டை மூட்டைகள் கிடக்கும் உள்ளறையின் கதவைச் சாத்தி, சன்னலுக்குச் சாக்கு மாட்டியிருந்தார்கள். கிருத்திகா கைப்பேசி விளக்கின்மேல் கருப்புத் துணியைச் சுற்றி, காசளவு துளை விட்டிருந்தாள். சரஸ்வதியம்மாள் ஒவ்வொரு முட்டையாக எடுத்து அந்தத் துளையில் உட்கார வைத்தாள். உள்ளே பெரும்பகுதி இருண்டு, ஓரத்தில் நரம்பு சிவந்து, ஏதோ ஒன்று புரண்டு கொடுத்தால் அந்த முட்டை அடைப்பெட்டிக்குத் திரும்பியது. சேறுபோல் கலங்கினால் ஈயச் சட்டிக்குப் போனது.

"கைய ஆட்டாதடி."

"நீதாம்மா ஆட்டற."

"நா ஆட்டுனா முட்ட ஆடும். இங்க வெளிச்சந்தா ஆடுது." சொல்லிக்கொண்டே மகளின் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். வலித்தது. சரஸ்வதியம்மாளுக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது.

சந்தேகமான முட்டையை அவள் மூடிய கண்ணிமைமேல் வைத்துப் பார்ப்பாள். உயிருள்ள முட்டை ஒரு மாதிரி சுடும், செத்தது ஒரு மாதிரி சுடும் என்பது அவள் கணக்கு. அப்படி வைத்த ஒன்று இமையிலிருந்து நழுவித் தரையில் வெடித்தது. கூமுட்டை. அறை நாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் மடியில் வைத்திருந்த கூடையின் முட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

அதுதான் அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை. புதன்கிழமை காலையில் சரஸ்வதியம்மாளை அவள் கொழுந்தன் மாரப்பன் அடித்துக் கொன்றான்.

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் அது. கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து குப்பண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சரஸ்வதியம்மாள். குப்பண்ணன் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து இவளுக்கு வாயும் கையும் இருந்தன. முதலில் கை பேசும், வாய் பின்னால் வரும். தென்னந்தோப்பில் கள் இறக்க வந்தவன் ஒருவன் களை எடுக்கும் பெண்ணிடம் கோணலாகப் பேசினான் என்று, அவனுடைய இடுப்புக் கயிற்றாலேயே அவனை மரத்தோடு கட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவள். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்று வந்த கிருத்திகாவை முருங்கைக் குச்சியால் அடித்தாள். குச்சி ஒடிந்ததும், ஒடியாத குச்சி தேடப் போனாள். அடி வாங்கிய பெண் பிறகு படித்து, கோயமுத்தூரில் மோட்டார் தயாரிக்கும் தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அடிதான் படிக்க வைத்தது என்று தாய் ஊரெல்லாம் சொன்னாள். மகள் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

குப்பண்ணன் சிறுநீரகம் கெட்டுச் செத்த பிறகு சரஸ்வதியம்மாளுக்கு மிஞ்சியது கோழிகள். நாட்டுக்கோழி. ஞாயிறன்று சுற்று வட்டாரத்திலிருந்து கறிக்கு ஆள் வரும். அவர்களோடு பேசிக்கொண்டே கழுத்தைத் திருகிவிடுவாள். அவள் கையில் எந்தக் கோழியும் இரண்டாம் முறை கத்தியதில்லை.

வாசல் ஒன்று, வீடு இரண்டு. பாகம் பிரித்தபோது கிணறு பொதுவில் நின்றது. மின்சார மீட்டரும் அப்படியே மாரப்பன் வீட்டுச் சுவரில் நின்றுவிட்டது. அண்ணன் போன பிறகு மாரப்பனுக்கு அந்த வாசல் முழுவதும் வேண்டியிருந்தது. டிராக்டர் நிறுத்தக் கொட்டகை போடவேண்டும்.

"நங்கை, மக கோயமுத்தூர்ல பெரிய வேலைல இருக்குது. அங்க போயி நிம்மதியா இருந்தா ஆகாதுங்களா?" என்று அவன் அண்ணியிடம் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான்.

"மகளூட்டுச் சோத்துல கெடந்து சாகறதுக்கு நா என்ன நாதியத்தவளா? என்ற கோழி இருக்கற வரைக்கும் என்ற அடுப்பெரியும். அடுப்பெரியற வரைக்கும் நா இங்கதா இருப்பே. போயி வேற வேலையிருந்தாப் பாரு."

அவள் சொன்னதில் பாதி அவன் காதில் விழுந்தது. கோழி இருக்கிற வரைக்கும்.

பன்றி விரட்ட என்று மாரப்பன் இரண்டு கோம்பை நாய்கள் வளர்த்தான். பகலில் அவற்றைக் கட்டி வைப்பதுதான் வழக்கம். சித்திரை மாதம் ஒரு நாள், சரஸ்வதியம்மாள் தீவனம் அறுக்கப் போயிருந்த நேரத்தில் அவை அவிழ்ந்து கிடந்தன.

மாட்டுக் கட்டுத்தரை மூலையில் மூன்று கோழிகள் அடையில் இருந்தன. அடைக்கோழி எழுந்து ஓடாது. அதுதான் அதற்கு வினை. நாய்கள் இரண்டைக் கிழித்து வாசல் முழுக்க இழுத்திருந்தன. மூன்றாவது கூடையிலேயே இருந்தது. தலை இல்லை. இறகைப் பரத்தி, முட்டைகளை மூடியபடி அப்படியே உட்கார்ந்திருந்தது. வாய் முழுக்க மஞ்சள் கருவோடு ஒரு நாய் அதன் பக்கத்தில் நின்று, முட்டையோட்டை நக்கிக்கொண்டிருந்தது.

சரஸ்வதியம்மாள் புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். மண்வெட்டியை எடுத்தாள். முதல் அடியிலேயே நாயின் முதுகு ஒடிந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அது கிணற்றைச் சுற்றியது. பின்னாலேயே போய் இரண்டாவது அடி போட்டாள். நாய் கிடந்தது.

மாரப்பன் பிளாஸ்டிக் குழாயோடு ஓடி வந்தான். "பன்னண்டாயிரம் ரூவா நாயி, முண்ட..." குழாய் அவள் தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது. அவள் ஓடவில்லை. நாயின் ரத்தம் படிந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பால் அவன் காதோரம் ஒன்று போட்டாள். காது கிழிந்து தொங்கியது.

போலீஸ் நிலையத்தில் உதவி ஆய்வாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்டுக் காரியமல்லே அம்மே, பறஞ்ஞு தீர்த்தூடே?"

"நாயிகிட்ட என்னத்தங்க பேசித் தீக்கறது?" என்றாள் சரஸ்வதியம்மாள்.

கிருத்திகா அன்றே வந்தாள். தாயின் முதுகில் தடித்து நின்ற வரிகளுக்கு மருந்து தடவினாள். "எங்கூட வந்துரும்மா. அடுத்த தடவ மண்டைல அடிப்பான்."

"அடிக்கட்டும். மண்டைல என்ன இருக்குது?" முதுகைக் காட்டியபடியே சரஸ்வதியம்மாள் பேசினாள். "கோழி வெளிய அடை இருந்தாத்தான நாயி புடிக்கும். ஊட்டுக்குள்ள பொட்டி வெச்சுப் பொரிக்கறாங்களாமே, கரண்ட்டுல. போன்ல பாத்தே. அது நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்லு. நீ அந்தப் படிப்புத்தான படிச்ச?"

தாய் மகளிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. கிருத்திகா அடுத்த சனிக்கிழமையே சோதனைக் கூடத்து வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு, தாயைப் பொள்ளாச்சி சாலையிலிருந்த ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள்.

கடைக்காரன் மணிகண்டன் ஒரு தெர்மக்கோல் பெட்டியை எடுத்து வைத்தான். உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு சின்ன விசிறி. "புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதுமுங்க. முட்டைய மட்டும் நேரா நேரத்துக்குக் கையால திருப்பி உட்ரோணும்."

"ராத்திரில?"

"ராத்திரிலயுந்தானுங்க. கோழி தூக்கத்துலயும் திருப்பும், நாமதா எந்திரிக்கோணும்."

கிருத்திகா திறந்திருந்த பெட்டி ஒவ்வொன்றிலும் தன் வெப்பமானியை வைத்து, மூடி, காத்திருந்தாள். முட்டைக்கு வேண்டிய முப்பத்தேழரை டிகிரியைக் காட்டிய ஒரு பெட்டியின் மூலையில் நாற்பதுக்கு மேல் இருந்தது. அந்த மூலையில் வைத்தால் முட்டை வெந்துவிடும். இன்னொன்றில் மின்சாரம் நின்றால் எல்லாம் நின்றது. பாலக்காட்டுக் கோடை மழையில் ஒரு சொட்டு விழுமுன்னே மின்சாரம் போய்விடும். பேட்டரி மாட்ட வழியில்லாத பெட்டிகளை அவள் ஒதுக்கினாள்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தன நேரம் உக்கார மாட்டாங்க" என்றான் மணிகண்டன்.

"பொண்ணு தப்பாப் போனா அப்பனூட்டுக்கே தாட்டி உட்டரலாம். இது தப்பாப் போனா என்ற முட்டை போயிரும்" என்ற சரஸ்வதியம்மாள் எழுந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கி, தெர்மக்கோல் பெட்டியை ஓர் உதை விட்டாள். அது இரண்டாகப் பிளந்து, பல்பு உடைந்து, சுவரோரம் போய் விழுந்தது.

"என்னங்கம்மா இது!"

"நாயி புகுந்தா என்னாகும்னு பாத்தே."

"ஊட்டுக்குள்ள நாயி எப்படிங்க வரும்?"

"எங்கூட்டு நாயி ரெண்டு கால்லயும் வரும்."

உடைத்ததற்குக் காசு கொடுத்தார்கள். சரஸ்வதியம்மாள் இருப்பதிலேயே பெரிய பெட்டியைக் காட்டினாள். முதல் தடவையிலேயே பெரிதில் கைவைத்தால் நட்டமும் பெரிதாகத்தான் வரும் என்று மகள் தடுத்தாள். கடைசியில் இரும்புத் தகடு வேய்ந்த நடுத்தரப் பெட்டி ஒன்று அமைந்தது. முட்டைகள் உருளைகளின்மேல் கிடக்கும். ஒரு மோட்டார் சட்டத்தை இழுத்து இழுத்து அவற்றைத் தானாகத் திருப்பும். பேட்டரிக்குத் தனி வாய் இருந்தது. எல்லா மூலையிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாக நின்றது. அதையெல்லாம் கிருத்திகா விளக்கினாள். தாய்க்குப் பிடித்தது, மூடியில் பூட்டுப் போடக் கொக்கி இருந்ததுதான்.

முதல் அடை நாசமானது. பொரிக்கவேண்டிய நாள் கடந்தும் பெட்டிக்குள் கீச்சென்ற சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது. சரஸ்வதியம்மாள் பொறுக்காமல் ஓட்டை நகத்தால் பிரித்தாள். குஞ்சுகள் ஓட்டின் தோலோடு ஒட்டிப்போயிருந்தன. பிரிக்கப் பிரிக்க ரத்தம் வந்தது. ஒன்றுக்குக் கால் முதுகின்மேல் மடங்கியிருந்தது, ஒன்றுக்குக் குடல் வெளியே கிடந்தது. அவள் அவற்றை வரிசையாகத் துணியில் போட்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக முடித்தாள். கடைசி ஒன்றை இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

கிருத்திகா சட்டத்தைக் கழற்றினாள். இழுவைத் தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் துருப்பிடித்த ஆணி ஒன்று சிக்கியிருந்தது. பக்கத்தில் கரித்துண்டு, காய்ந்த மிளகாய். மோட்டார் உறுமியிருக்கிறது, சட்டம் நகரவில்லை. முட்டைகள் பல நாள் திரும்பாமலே கிடந்திருக்கின்றன.

"இது என்னம்மா?"

"இடிக்கு."

இடி இடித்தால் கரு கலங்கும். அடை வைக்கும்போது கூடைக்குள் இரும்பும் கரியும் மிளகாயும் போட்டால் கலங்காது. கோழிக்கு அடியில் போட்டதைச் சரஸ்வதியம்மாள் பெட்டிக்கும் போட்டிருந்தாள். அவள் அறிந்தவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

கிருத்திகா ஆணியைத் துடைத்து, மூடியின் மேற்புறம் ஒட்டுநாடாவால் ஒட்டினாள்.

"வெளிய வெச்சா இடிக்குத் தெரியுமா?"

"பெட்டியே இரும்புதானம்மா. முட்டையச் சுத்தியும் இரும்பு."

சரஸ்வதியம்மாள் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "அதும் ஞாயந்தா" என்றாள். மறுவாரம் இரண்டாவது அடை வைத்தாள்.

மாரப்பனுக்கு அது தெரிந்துவிட்டது. நாய் எட்டாத இடத்தில் முட்டை பொரிகிறது. நங்கை போகப் போவதில்லை.

முட்டை பார்த்ததற்கு மூன்றாம் நாள், புதன்கிழமை காலை அவன் மீட்டர்ப் பலகையிலிருந்து அவள் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டி உடனே பேட்டரிக்கு மாறி, பீப் பீப் என்று கூவியது. சரஸ்வதியம்மாள் வாசலுக்கு வந்தாள். நடந்ததை எதிர்ச் சாரி வீட்டிலிருந்து பார்த்தவள் செபமாலையம்மாள். போலீசில் அவள்தான் சொன்னாள்.

"கட்டையக் குடு."

"எந்தக் கட்ட?"

"உம் பொணத்துக்கு அடுக்கற கட்ட. குடுடா."

பேசிக்கொண்டே அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்துவிட்டாள். பை கிழிந்தது. திரும்பி மீட்டரை நோக்கி நடந்தாள். கிணற்றடியில் மோட்டாருக்கு மாட்டும் இரும்புக் குழாய்த் துண்டு கிடந்தது. அவன் அதை எடுத்துப் பின்னாலிருந்து அடித்தான். முதல் அடிக்கே அவள் மண்டியிட்டாள். எழப் பார்த்தாள். அவன் மறுபடி அடித்தான். அவள் விழுந்த பிறகும் அடித்தான். செபமாலையம்மாள் கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் குழாயைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்திருந்தான்.

செய்தி தெரிந்ததும் கிருத்திகா கோயமுத்தூரிலிருந்து நேரே தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். தாயின் முகத்தை ஒரு பக்கம் மட்டும் காட்டினார்கள். பிணப் பரிசோதனைக்கு மருத்துவர் வரவேண்டும் என்றார்கள். உறவுக்காரர்கள் வந்து சேர்ந்து, வேப்பமரத்தடியில் அழுதார்கள். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்று கணக்குப் போட்டாள். பேட்டரி எத்தனை ஆம்பியர், பெட்டி எவ்வளவு இழுக்கும், காலையிலிருந்து எவ்வளவு நேரம். கணக்கு முடிந்ததும் ஆட்டோ பிடித்தாள்.

"பொணத்த உட்டுட்டு எங்கடி போற?" என்று ஓர் அத்தை கையைப் பிடித்தாள்.

"முட்டைக்கு."

"பைத்தியம் புடிச்சிருச்சு புள்ளைக்கு."

பேட்டரி செத்திருந்தது. பெட்டி முப்பத்து நாலுக்கு இறங்கியிருந்தது. ஃபியூஸ் கட்டையைப் போலீசார் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தார்கள். வாசலில் ரத்தத்தின்மேல் யாரோ மண் தூவியிருந்தார்கள். கிருத்திகா அதைச் சுற்றிக்கொண்டு போய், செபமாலையம்மாள் வீட்டு டிராக்டரின் பேட்டரியைக் கழற்றித் தோளில் தூக்கி வந்தாள். அமிலம் சேலையைப் பொத்தலாக்கியது. முள் மெல்ல ஏறி முப்பத்தேழரையைத் தொட்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

வியாழக்கிழமை எரித்தார்கள். அன்றே மின்சார அலுவலகத்து ஆள் வந்து புதுக் கட்டை மாட்டினார். பொரிக்க மூன்று நாளே இருந்ததால் முட்டைகளை இனித் திருப்பக்கூடாது. கிருத்திகா சட்டத்தை நிறுத்தி, தண்ணீர்த் தட்டை நிரப்பி, கொக்கியில் பூட்டுப் போட மறந்தாள்.

வெள்ளிக்கிழமை மாரப்பனின் மகன் பூபதிராஜா இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"நடந்தது நடந்து போச்சு, கிருத்தி. வழுக்கி உழுந்து மண்ட அடிபட்டுதுன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, அப்பன் வெளிய வந்துருவாரு. நீயும் இங்க இருக்கப் போறதில்ல. ஊட்டுக்கு என்ன வெலையோ நாங்களே குடுத்தர்றோம்."

"பின்னால இருந்து மூணு தடவ வழுக்கி உழுந்தாங்களா?"

பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். பூபதிராஜாவுக்கு முகம் சிவந்தது. உள்ளறையில் பெட்டியின் விசிறி ஓடும் சத்தம் கேட்டது. "இந்தக் கருமத்தாலதான் எல்லாமே" என்று எழுந்து போனான். பெட்டியின் மின்செருகியைப் பிடுங்கினான். மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக் கவிழ்க்கத் தூக்கினான்.

குப்பண்ணன் வைத்திருந்த, குழாய் முடுக்கும் இரும்பு ஸ்பானர் மூட்டைமேல் கிடந்தது. கிருத்திகா அதை எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அடித்ததைப் பார்த்தார்கள். அவள் குறி பார்த்து, பெட்டியைப் பிடித்திருந்த இடது மணிக்கட்டில் மட்டும் அடித்தாள். பச்சைக் குச்சி ஒடியும் சத்தம் கேட்டது. பெட்டி ஒரு சாண் உயரத்திலிருந்து நேராக இறங்கியது. அவன் அலறிக்கொண்டு குனிந்தான். அவள் இன்னொரு முறை ஓங்கினாள். பெரியவர் ஒருவர் குறுக்கே விழுந்து தடுத்தார்.

அவள் செருகியை மறுபடி மாட்டினாள். மூடியைச் சாத்தினாள்.

"கேசு குடுக்கறன்டி" என்றான் பூபதிராஜா. வாயில் எச்சில் ஒழுகியது.

"குடு. முட்ட பொரிஞ்சதும் ஸ்டேஷனுக்கு வர்றே."

வாழ்நாளில் அவள் யாரையும் அடித்ததில்லை. கை நடுங்குகிறதா என்று பார்த்தாள். நடுங்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பின்கட்டுக்குப் போய்க் கையைக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் முதல் ஓடு வெடித்தது. மத்தியானத்துக்குள் பெட்டி முழுவதும் ஈரக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தின. பொரிக்காமல் நின்றவை கொஞ்சம், மூலையில் செத்தது ஒன்று. மற்றவை எல்லாம் நேராக நின்றன. கிருத்திகா பெட்டியின் முன் தரையில் உட்கார்ந்து, அந்தச் சத்தத்துக்குள் முதல் தடவையாக அழுதாள். மறுநாள் வேலைக்குத் திரும்பவேண்டும். இவற்றைக் கூடையோடு யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டைப் பூட்டலாம். அதற்கு மேல் அவள் யோசித்திருக்கவில்லை.

சாயங்காலம் செபமாலையம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டாள். சாவு வீட்டுக்குள் வந்து உட்காராமல், நிலையைப் பிடித்துக்கொண்டே குஞ்சுகளை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா ஒண்ணும் சொல்லலையா, அம்முணி?"

"என்னதுங்க?"

"பொட்டி பொரிக்கும், வளக்காது, அதுக்குக் கோழிதான் வேணும்னு போன வாரம் எங்கூட்டுக்கு வந்துது. எங்கட்ட அடைக்குக் கெறங்கற கறுப்புப் பெட்ட ஒண்ணு இருக்குதல்ல, அதயக் கேட்டுது. முட்ட வெக்காத, கூழாங்கல்ல வெச்சு உக்கார வெய்யின்னுது. வெள்ளிக்கெழம பொழுது சாய வந்து புடிச்சுக்கறேன்னுது. குஞ்சு பொரிச்ச அன்னிக்கு அடியில நுழைச்சு உட்டா, தன்னுதுன்னு நெனச்சுச் சேத்துக்குமாம்."

"இப்ப?"

"கல்லு மேலயேதான் உக்காந்திருக்குது. எரையெடுக்கக்கூட எந்திரிக்கறதில்ல. இனி ஒரு நாளு இருக்கும். அப்பறம் ஏமாந்து எந்திரிச்சுரும்." செபமாலையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கோழி வந்தா ஊட்ல ஆளு இருக்கோணும். இன்னொரு நாயி அக்கட்டதான் சுத்திட்டிருக்குது. நீ இருக்கறதா போறதான்னு எனக்குத் தெரியாது. வந்தீன்னா இருட்டுனதுக்கப்பறம் வா. வெளிச்சத்துல தூக்குனா அடை கலஞ்சுரும். சாக்கு ஒண்ணு எடுத்துக்க."

அவள் போய்விட்டாள். கிருத்திகா சன்னலில் மாட்டியிருந்த சாக்கைக் கழற்றினாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.